ரெஸ்லிங் பார்க்க வந்த குமார்

இன்று காலை பூந்தமல்லியில் பஸ் ஏறி உட்கார்ந்தால், பக்கத்து சீட்டில் குமார். என்னோடு பள்ளியில் படித்தவன். பார்த்து இருபத்தைந்து வருடம் இருக்கும்.

அப்போது எங்கள் இரண்டு குடும்பங்களும் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தன. எங்கள் வீட்டு டிவியில்தான் இருவரும் ரெஸ்லிங் பார்ப்போம். யாராவது அடிபட்டு விழுந்தால், அவன் எழுந்திருக்கும்வரை குமார் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும், "அது வெறும் நடிப்புடா, இவன் நிஜம்னு நம்பி அழுவுறான்" என்று சொல்லிச் சிரித்தேன். அதன்பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

"பழைய ஆட்டமெல்லாம் இன்னும் போன்ல பாக்குறேன்டா. அன்னிக்கு உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கக் கூடாது" என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"நடிப்புன்னு எனக்கு அப்பவே தெரியும் மச்சான். எங்கப்பா டெய்லி குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிப்பாரு. அதான் நிஜம். உங்க ஊட்டு டிவில, அடி வாங்குனவன் எழுந்து நடந்து போவான். அத பாக்கத்தான் வந்துகினு இருந்தேன்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நாங்க குவார்ட்டர்ஸ காலி பண்ண அடுத்த வருசமே எறந்து போய்ட்டாங்க."

திருமழிசையில் அவன் வேலை செய்யும் கம்பெனி வந்தது. "வரேன்டா" என்று இறங்கிவிட்டான். நம்பர் கேட்க எனக்கு முகமில்லை.

நடிப்பு என்று கண்டுபிடித்துச் சொன்ன புத்திசாலிகள் என்னைப்போல் வேறு யாராவது இங்கே இருக்கிறீர்களா?