விலை போதாத கடிகாரம்

நாமக்கல்லில் ஒரு செல்போன் கடையில், என் போனுக்குக் கண்ணாடி மாற்றக் காத்திருந்தபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை அவரால். வாசலுக்குப் போய்க் கணவருக்குப் போன் போடுவார். குரல் கேட்டதும், "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்" என்று வைத்துவிட்டு உள்ளே வருவார். ஐந்தாறு முறை இப்படியே நடந்தது.

கணவர் வடக்கே எங்கோ போர்வெல் வண்டி ஓட்டுகிறார். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர், வீட்டுக்கு வராமல் நேராக வண்டிக்கே திரும்பிவிட்டாராம்.

அவருக்கு நெஞ்சைக் கவனிக்கும் கடிகாரம் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டதும், கடைக்காரர் ஒரு ஸ்மார்ட் வாட்சைக் காட்டினார். "இதயத் துடிப்பெல்லாம் காட்டுமுங்க. ஆயிரத்தஞ்சூறுதான்."

அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"எவ்வளவு ஆகும்னு நெனச்சு வந்தீங்க?" என்று நான் கேட்டேன்.

"பத்தாயிரமாவது ஆகும்னு நெனச்சேனுங்க. இத்தனை கம்மி வெலைச் சாமான் சொல்றத நம்பி நான் எப்படீங்க தூங்கறது?"

கடைக்காரர் ஒன்பதாயிரத்துக்கு வேறொன்றை எடுத்து வைத்தார்.

"துடிப்பு மாறுனா எனக்குச் சொல்லுமுங்களா?"

"அவரு போன்ல சிக்னல் இருந்தாச் சொல்லுமுங்க."

"இன்னிக்கு டவுன்ல நிக்கறாரு. நாளைக்குக் காட்டுக்குள்ள போயிட்டா ஏதுங்க சிக்னல்?"

ஆனாலும் அந்த அம்மா பேரம் பேசாமல் அதையே வாங்கினார்.

"வண்டிக்குப் போற ஆளுகிட்டக் குடுத்தனுப்பறேனுங்க. நான் பாத்துட்டே இருக்கேன்னு பயந்தாவது மாத்திரை போடுவாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் வாசலுக்குப் போனார்.

இப்போதெல்லாம் போர்வெல் வண்டி எதிரே வந்தால், ஓட்டுபவரின் மணிக்கட்டைத்தான் முதலில் பார்க்கிறேன்.