இறக்கத்தில் நிறுத்திய வண்டி

கார்த்திகை மாதக் காலை. அண்ணனின் பழைய டீசல் லாரியை விலைக்குக் கேட்டு வந்தவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அரைச் சுற்று சுற்றி முனகியது, நின்றது, மறுபடி முனகியது. "பேட்டரி செத்துப்போச்சும்மா" என்றார். முந்தின நாள்தான் அவரே அதைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். எரிகிறதா என்று பார்க்க அவர் போட்டுவைத்த முகப்பு விளக்குகளுக்கு எதிரில் நான் நின்றிருந்தேன். இன்ஜின் அவ்வளவு திணறியும் அவை துளியும் மங்கவில்லை. பேட்டரியில் சக்தி இல்லையென்றால் விளக்கல்லவா முதலில் சோர வேண்டும்? விற்கவில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

அண்ணன் கோலார் தங்கவயலில், ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா சுரங்க ஷாஃப்டில் இறங்கி வேலை செய்தவர். சுரங்கம் மூடியபோது அண்ணன் பள்ளிக்கூடத்தில் இருந்தார். உடன் படித்தவர்கள் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். அண்ணன் லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, கடைசியில் இந்த வண்டியை வாங்கிக் கோலார் மண்டியிலிருந்து தக்காளி ஏற்றினார். அப்பா நெஞ்சு நோயில் படுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு வீடே அந்த வண்டியின் மேல் நின்றது. அக்காவின் கல்யாணம், என் எலெக்ட்ரிகல் டிப்ளமா எல்லாம் அதில் வந்தவை. கோபக்காரர்தான், கிண்டலும் உண்டு. என் கையில் வோல்ட் மீட்டரைக் கண்டால், "இன்னா டாக்டரம்மா, வண்டிக்கு ஜுரம் பாக்கப் போறியா?" என்பார்.

மார்கழியில் எங்கள் தெருவில் டீசல் வண்டிக்காரர்கள் யாரும் சமதரையில் நிறுத்துவதில்லை. மேட்டு உச்சியில், மூக்கு கீழே பார்க்க, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துவார்கள். காலையில் கல்லை எடுத்துத் தள்ளிவிட்டு, உருளும்போது கியரைப் போட்டால் இன்ஜின் எழுந்துவிடும். குளிரென்றால் அப்படித்தான் என்று எல்லோரும் இருந்தோம். போன மார்கழியில், அண்ணனின் வண்டி மெதுவாகச் சுற்றுகிறதே என்று, பேட்டரிக் கடை வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, புதிய பேட்டரி மாட்டிக் கொடுத்தார். மத்தியானம் ஒரே திருப்பில் எடுத்தது. மறுநாள் காலை அதே முனகல். "பேட்டரி நல்லாத்தான் கீது மச்சான். வேற எங்கியோ கோளாறு. வண்டிய ஒரு நாள் வுடு, பாக்கறேன்" என்றார் மாமா. தக்காளி காத்திருக்காது. "இறக்கம் இருக்க சொல்லோ இன்னாத்துக்கு மாப்ள கவல?" என்று அண்ணன் சிரித்தார்.

அந்த மார்கழி விடியலில், தூங்குகிறவர்களை எழுப்ப மனமில்லாமல், தனியாகவே தள்ளியிருக்கிறார். ஒரு கை ஸ்டீயரிங்கில், தோள் கதவுச் சட்டத்தில். ஏறி உட்காருவதற்குள் வண்டி வேகமெடுத்துச் சுவர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டது. கதவுக்கும் லைன் வீட்டுச் சுவருக்கும் நடுவில் அண்ணன். ஓடிப் போய் நாங்கள் பார்த்ததை எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த அன்று அம்மா எல்லோர் முன்னாலும் மாமாவிடம் சொன்னார்: "பழைய பேட்டரிய புதுசுன்னு மாட்டி எம்புள்ளய தள்ள வெச்சவன் நீ. இந்த வாசப்படிய மிதிக்காத." மாமா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அக்கா எழுந்து அவர் கூடவே போனார். அதற்குப் பிறகு அக்கா இந்த வீட்டுக்கு வரவில்லை.

விளக்கு மங்காததைப் பார்த்த அன்றே மீட்டரை எடுத்தேன். பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு கம்பி, இன்ஜின் உடம்பில் இன்னொன்று. வாங்க வந்தவரையே சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டியது மூன்றைத் தாண்டியது. தடித்த கேபிள் ஒன்றால் அந்த இரண்டு இடங்களையும் நேரே இணைத்துவிட்டு மறுபடி திருப்பச் சொன்னேன். அதே பேட்டரி, அதே குளிர். இன்ஜின் சடசடவென்று சுற்றி எடுத்துவிட்டது. வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றினால், பச்சை பூத்து, பெரும்பாலான இழைகள் அறுந்து கிடந்தன. வெயிலில் ஆயில் இளகியிருக்கும்போது மிச்ச இழைகள் சமாளித்துவிடும். குளிரில் ஆயில் கெட்டியானால் இன்ஜினைச் சுற்ற மின்சாரம் அதிகம் வேண்டும், அதை அந்த இழைகளால் தர முடியவில்லை. விளக்குகளின் மின்சாரம் இந்தப் பட்டை வழியாகப் போவதில்லை, அதனால்தான் அவை மங்கவில்லை. ஒரு முழம்கூட இல்லாத பட்டை.

அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு தடவ எடுத்ததுக்கு நம்ப மாட்டேன். அவன் போன நாள்ல, அதே நேரத்துக்கு, சமதரையில எடுக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

அன்று வண்டியை வெறுங்கையால் சுவரிலிருந்து விலக்கிய லைன் மக்களையும், தம் ஆட்டோவில் அண்ணனை ஏற்றிக்கொண்டு பறந்த எதிர்வீட்டுச் சித்தப்பாவையும், விலைக்குக் கேட்டு வந்து, லாரி கிடைக்காமலும் முகம் சுளிக்காமல் போனவரையும் எங்கள் குடும்பம் மறக்காது. இன்றும் இறக்கத்தில் வண்டி நிறுத்தும் உறவினர்களே, தள்ளுவதற்கு முன் ஒருமுறை விளக்கைப் போட்டுப் பாருங்கள். மங்கவில்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், மீட்டரோடு வருகிறேன்.

புதிய பட்டை மாட்டியாயிற்று. திதிக்கு முந்தின சாயங்காலமே வண்டியைச் சமதரையில் கொண்டுபோய் நிறுத்துவோம். ராத்திரியெல்லாம் பனியில் கிடக்கட்டும். பேட்டரி மாமா கொடுத்ததேதான், மாற்ற விடமாட்டேன். விடிந்ததும் சாவியைத் திருப்பப் போகிறவரும் மாமாதான். அக்காவும் அவரோடு வருகிறார். அம்மா வண்டிக்கு எதிரில், விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.