ஈரத்தில் நிறம் சொல்லாதவர்

கந்தசாமியைத் தெரிவதற்கு முன்பே அவர் அலறலை எங்கள் தெரு தெரிந்துகொண்டது. ஆரணியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசை முழுக்கத் தறி வீடுகள். விடிந்தால் தடக் தடக்கென்று ஓட ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தை நாங்கள் யாரும் காதில் வாங்குவதே இல்லை. கந்தசாமியை டிரெஸ்ஸிங் அறைக்குள் அழைத்துப் போனால் மட்டும் ஒவ்வொரு தறியாக நிற்கும். "இன்னா சிஸ்டரு, ஆளை உரிக்கிறீங்களா?" என்று டீக்கடைக்காரர்கூட ஒருநாள் கேட்டுவிட்டார்.

உரிப்பது நான்தான். பரிமளா, டிரெஸ்ஸிங் நர்ஸ். புண்ணோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்து மறுபடி கட்டுவது என் வேலை. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குட்டை. கையை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வெந்த காலில் இருந்து துணியை எடுத்தால் வலிக்காமல் இருக்குமா? ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, சலைனில் நன்றாக ஊறவைத்துத்தான் எடுப்பேன். அப்படியும் வலிக்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

கந்தசாமி பட்டுக்குச் சாயம் போடுகிறவர். கொதிக்கிற நீலச் சாயத்தை அண்டாவோடு இறக்கும்போது சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, அண்டா கவிழ்ந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு. சில தடவை வந்தார், அலறினார், பிறகு வருவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் அவர் மனைவி அபிதகுசாம்பாள் ஆட்டோவில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தபோது கட்டு நாறிக்கொண்டிருந்தது.

"இது சுகர் கால். இன்னொரு வாட்டி இப்படி விட்டா முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டியதுதான்" என்றார் பெரிய டாக்டர்.

"எடுத்துடுங்க சார்" என்றார் கந்தசாமி, கடையில் சட்டைக்கு அளவு சொல்வது மாதிரி. "தெனம் தெனம் சாவறதுக்கு ஒரே நாளு போதும்."

அபிதகுசாம்பாள் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கிண்ணத்தை டங்கென்று வைத்தேன். கோபம் அவர் மேல் இல்லை. இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தும் வலிக்காமல் ஒரு துணியை எடுக்க எனக்குத் தெரியவில்லையே என்ற ஆத்திரம்.

அன்றைக்குத்தான் மஹிமா உள்ளே வந்தாள். வெம்பாக்கம் பக்கத்து நயினார் வீட்டுப் பெண், தமிழ்ச் சமணர். மனநல ஆலோசகராக வாரத்தில் சில நாட்கள் எங்களிடம் வருவாள். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் வைக்க மாட்டாள். சாயந்திரம் பஜ்ஜி வரும்போது அவள் பங்கையும் சேர்த்து நான்தான் தின்பேன். அவள் டாக்டரிடம், "வலி மருந்தோட சேர்த்து ஹிப்னாசிஸ் முயற்சி பண்ணிப் பாக்கலாமா, சார்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாக்கெட் கடியாரத்தை ஆட்டி, தூங்கு தூங்குன்னு சொல்லப் போறியாம்மா?"

"கடியாரமும் வேணாம், தூங்கவும் வேணாம், அக்கா" என்றாள் அவள். "நீங்க பஸ்ல வரீங்க. எதையோ நெனச்சுகினு உக்காந்துட்டீங்க. சேவூரு எப்ப தாண்டுச்சுன்னே தெரியல. தூங்கினீங்களா? இல்ல. கண்டக்டர் கேட்டா சில்லறை எடுத்துக் குடுத்திருப்பீங்க. மனசு ஒரே எடத்துல முழுசா போய் நின்னுடுச்சு, மத்ததெல்லாம் தூரமா போயிடுச்சு. அவ்ளோதான் இது. வலி இருக்கும். ஆனா அது பக்கத்துத் தெருவுல இருக்கும்."

அப்புறம் கந்தசாமி பக்கம் திரும்பினாள். "உங்க சம்மதம் இல்லாம ஒண்ணும் நடக்காதுங்க. உங்களை யாரும் ஆட்டிவைக்க முடியாது. புடிக்கலன்னா எந்த நிமிஷமும் கண்ணைத் தொறக்கலாம். பண்ணலாமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். "பண்ணுய்யா, இன்னா கெட்டுப்பூடுது?" என்றாள் அவள்.

முதலில் மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடச் சொன்னாள். பிறகு கையை இறுக்கி மூடித் தளரவிடுவது, தோளைத் தூக்கித் தளரவிடுவது, நெற்றி, தாடை என்று ஒவ்வோர் இடமாக. ஆளின் முகம் உண்மையிலேயே இளகியது. "வலி வந்தா ஆள்காட்டி வெரலைத் தூக்குங்க, சிஸ்டர் நிறுத்திடுவாங்க" என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "கடற்கரை... நீல நிறத் தண்ணி மெதுவா வந்து உங்க காலை நனைக்குது..." என்றாள்.

கந்தசாமி கட்டிலில் இருந்து எழும்பியே விட்டார். "ஐயோ! ஊத்தாதீங்க! ஊத்தாதீங்கம்மா!"

நான் துணியைத் தொடவேயில்லை. எதிர்வீட்டுத் தறி நின்றது.

மஹிமா வெலவெலத்துப் போனாள். நீலம் என்றால் அவளுக்குக் குளிர்ச்சி. சாயக்காரருக்கு நீலம் என்றால் கொதி. வேறொருத்தியாக இருந்தால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றது போல, 'இவருக்கு ஒத்துழைக்கத் தெரியல' என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பாள். இவள் நாற்காலியை அவர் தலைமாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தப்பு என்னுதுங்க. மன்னிச்சுக்குங்க. உங்க வேலையைப் பத்திச் சொல்றீங்களா? அதுல உங்களுக்குப் புடிச்ச நேரம் எது?"

அவர் மறுபடி கட்டிலில் சாய்ந்தார். பிறகு சொன்னார். கொதிக்கிற அண்டா இல்லை, அலசுகிற தொட்டியும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, அலசிப் பிழிந்த பட்டு நூல் கற்றையை, அதாவது சிட்டத்தை, வேப்பமர நிழலில் மூங்கில் கழியில் தொங்கவிட்டு, எதிரே குந்திக்கொண்டு பார்க்கிற நேரம். ஈரத்தில் எல்லா நிறமும் கருக்கலாகத்தான் தெரியும். கொடுத்த மாதிரி நிறத்துக்கு ஒத்துப்போகிறதா என்று அப்போது சொல்லவே கூடாது. முதலாளியே வந்து நின்று கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. நிழலிலேயே காய வேண்டும். காயக் காய நிறம் மேலே வரும்.

"அப்போ இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். பாத்துகினு இருப்பேன். அந்நேரம் பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது."

"மெய்தாம்மா" என்றாள் அபிதகுசாம்பாள். "சோறு ஆறிப்பூடும், கூப்ட்டுக் கூப்ட்டு என் தொண்டை வத்திப்பூடும். அசைய மாட்டாரு. பேஜார் புடிச்ச மனுசன்."

மஹிமா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கிடைத்துவிட்டது என்று எனக்கே புரிந்தது.

மறுநாள் அவள் கடலைப் பற்றிப் பேசவே இல்லை. "உங்க மரத்தடிக்குப் போங்க. குந்திக்கங்க. கழியில சிட்டம் தொங்குது. எந்தக் கலரு?"

"வெங்காயச் சருகு" என்றார், கண்ணை மூடியபடி. "புடிக்கவே முடியாத கலரும்மா அது."

"இப்ப ஈரமா இருக்கு. கருஞ்செவப்பா இருக்கு. நாம ஒண்ணும் சொல்ல வேணாம். அடியில சொட்டுது பாருங்க. சொட்டு... சொட்டு... ஒவ்வொரு சொட்டுக்கும் கனம் கொறையுது. காத்து வருது. செவப்பு மெதுவா வெளுக்குது. அவசரம் இல்ல. காயட்டும்..."

நான் சலைனை விட்டு, துணியின் ஓரத்தைப் பிடித்தேன். என் காதில் அவள் குரல் விழுந்துகொண்டே இருந்தது. அறையில் இருந்த மின்விசிறி வேப்பங்காற்றாக மாறியது. எதிர்த் தெருத் தறிச் சத்தம் எங்கோ நான்கு தெரு தள்ளிக் கேட்டது. சிட்டங்கள் வரிசையாகத் தொங்குகின்றன, அடியில் மண் நனைந்து கிடக்கிறது, ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு திரண்டு நிற்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நானும் நின்றேன் போலிருக்கிறது. குனிந்து பார்த்தால் துணி முழுவதும் என் கைக்கு வந்திருந்தது. கந்தசாமியின் விரல் ஒரே ஒருமுறை உயர்ந்தது, நான் நிறுத்தினேன், அவர் மூச்சை நீளமாக விட்டார், விரல் தாழ்ந்தது.

தறிகள் நிற்கவில்லை. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு அவரு வரலையா?" என்றார்.

வலியே இல்லையா என்று பிறகு கேட்டேன். "இருந்துச்சு சிஸ்டரு. யாருக்கோ வலிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றார். அதன்பின் அவர் ஒரு நாளும் தவறவில்லை. மஹிமா சொல்லிக்கொடுத்தபடி வீட்டிலும் மரத்தடிக்குப் போய்வந்தார். ஒன்றை மட்டும் அவர் செய்யவே இல்லை: தன் காலைப் பார்க்கவில்லை. கட்டு அவிழ்ந்திருக்கும்போது கண் திறக்க நேர்ந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். "அது என் காலு இல்ல" என்பார்.

புண் சுத்தமானதும் வெளியூர் சர்ஜன் வந்து, மரத்துப்போக இடுப்பில் ஊசி போட்டு, தொடைத் தோலை எடுத்துக் காலில் ஒட்டிவிட்டுப் போனார். அந்தக் கட்டை முதன்முதலாகப் பிரிக்கிற நாள்தான் நாள். ஒட்டிய தோல் ஈர அப்பளம் மாதிரி. வலியில் காலை வெடுக்கென்று இழுத்தால் துணியோடு வந்துவிடும். "தோல் பிடிக்கலன்னா இந்தச் சுகரோட இன்னொரு வாட்டி ஒட்ட நான் துணிய மாட்டேன், காலை எடுக்க வேண்டியதுதான்" என்று பெரிய டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அபிதகுசாம்பாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டாள். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

அந்த நாளில், பாருங்கள், மஹிமாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடாத கதை! அவள் என்னைக் காட்டிக் கையசைத்தாள்: நீங்க பேசுங்க.

"நானா? என் குரலைக் கேட்டா தூங்குற புள்ள எழுந்து ஓடும்!"

"நீங்களே பேசுங்க சிஸ்டரு" என்றார் கந்தசாமி. "எனக்கு வழி தெரியும். கூட யாராச்சும் வந்தா போதும்."

கையுறை போட்டுக்கொண்டேன். மஹிமா மாதிரி குழைந்து, "மெதுவாக... நீங்கள்... மரத்தடிக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து சிரித்துவிட்டார். "இன்னா சிஸ்டரு, ரேடியோ மாதிரி பேசறீங்க?"

"சரிதான், கண்ணை மூடுய்யா!" என்றேன் என் சொந்தக் குரலில். "மூடு. மூச்சை வுடு. இன்னும் வுடு. போய் குந்து மரத்தடியில. சிட்டம் தொங்குதா? ஈரமா இருக்கா? இருக்கட்டும். கேக்கறவன் கேக்கட்டும், நீ வாயைத் தொறக்காத. சொட்டறது சொட்டட்டும். நமக்கு இன்னா ஜல்தி? காயட்டும்..."

அவர் முகம் தளர்ந்தது. நான் பேசிக்கொண்டே பிரித்தேன். என்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் பாதி நினைவில்லை. காற்றைத் திட்டினேன், அவசரப்படுகிற முதலாளியைத் திட்டினேன், கழியில் வந்து உட்கார்ந்த காக்கையை விரட்டினேன். ஒவ்வொரு மடிப்பாகத் துணி வந்தது. பெரிய டாக்டர் மூச்சுவிட மறந்து நின்றார். விரல் ஒருமுறை உயர்ந்தது. நின்றேன். "காத்து வருது, இரு" என்றேன். தாழ்ந்தது. கால் அசையவில்லை. மயிரிழை அசையவில்லை.

கடைசி மடிப்பும் வந்துவிட்டது.

டாக்டர் குனிந்தார். ஓரங்களைப் பார்த்தார், விரலால் மெல்லத் தொட்டார். "பிடிச்சிருக்கு" என்றார். "முழுசா பிடிச்சிருக்கு." வாசலில் அபிதகுசாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. கையுறையோடு துடைக்கவும் முடியவில்லை.

"கந்தசாமி, வாய்யா, கெளம்பி வா" என்றேன். "முடிஞ்சிடுச்சு."

அவர் கண்ணைத் திறந்தார். வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து, வெந்த நாளில் இருந்து பார்க்காத தன் காலைப் பார்த்தார். கறுத்த காலின் நடுவே புதுத் தோல், இளஞ்சிவப்பாக, ஈரத்தோடு. கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் படுகிற மாதிரி காலைத் தானே கொஞ்சம் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாய்யா, எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள் அபிதகுசாம்பாள், அழுகையோடு.

"ஈரத்துல கேக்காதம்மே" என்றார் கந்தசாமி. "என் காலு. காயட்டும், சொல்றேன்."