மூப்பர்கள் முக்கித் தூக்கிய பெட்டி

திருடியா? என் சம்பந்தியா? பக்கத்து வீட்டுக்காரி இன்னொரு தரம் சொல்லட்டும், அவள் வாய்க்கு நானே பூட்டுப் போடுகிறேன். என் மகளின் மாமியார் வாயாடி, ஒத்துக்கொள்கிறேன். பிடிவாதத்தில் என்னையே தூக்கிச் சாப்பிடுவாள். என் மகளைப் படாத பாடு படுத்தியிருக்கிறாள். அது எங்கள் குடும்பச் சண்டை, நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆனால் சபைச் சொத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள் என்றால் சும்மா இருக்கமாட்டேன்.

இருபது வருஷமாகச் சபையின் சாமான் அறைச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கியது. புருஷன் போன பிறகு வீடு அவளுக்குப் படுக்க மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அந்த அறை. தூர தேசத்து மிஷன் களத்துக்கு அனுப்பச் சபையார் பெட்டியில் துணி போடுவார்கள். துவைத்து, கிழிசல் தைத்து, பட்டன் வைத்து மடிப்பது அவள் வேலை. ஜனங்கள் தருமம் செய்கிற லட்சணம் அவளைக் கேட்டால் தெரியும். நீச்சல் உடை வரும். ஒற்றைக் காலுறை வரும்.

"அந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரு கால்தானா, ஐயா?" என்று போதகரையே கேட்டவள்.

இந்த வருஷம் அதிசயமாக நல்ல சாமானும் சேர்ந்தது. பெண்கள் ஐக்கியம் பஞ்சு வைத்துப் பன்னிரண்டு போர்வை தைத்துக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கர்த்தருக்குப் படைக்கும் பிரதிஷ்டை ஜெபம் என்று, அவள் பட்டன் வைத்து முடிக்கும் முன்னே செயலாளர் பெட்டிக்குக் கயிறு கட்டிவிட்டார்.

சனிக்கிழமை பகலில் எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால் சலவைக்காரர்கள் குடியிருந்த வரிசை எரிந்தது. ஐந்து குடும்பங்கள் உடுத்திய துணியோடு கோயில் வாசலில் வந்து நின்றன. சம்பந்தி செயலாளரிடம் ஓடினாள்.

"அந்தப் போர்வையைக் குடுத்துடலாமா?"

"அது மிஷனுக்குன்னு எழுதியாச்சும்மா. உள்ளூர் சேவை அடுத்த மாசம்தான். கமிட்டி கூடணும்."

"ராத்திரிக் குளிரையும் அடுத்த மாசம் வரச் சொல்லிடுங்க."

அவர் ஜெபிக்கலாம் என்றார். அவர் கண்ணை மூடியதும் இவள் சாவியை எடுத்தாள்.

போர்வை, சட்டை என்று மொத்தத்தையும் கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பழையபடி கட்டிவைத்தாள். மறைக்க அல்ல, எதையும் அரைகுறையாக விட அவளுக்குத் தெரியாது. தூக்கினால் தானே தெரிந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள்.

தெரியவேண்டுமே! நான்கு மூப்பர்கள் பெட்டியைத் தோளில் சுமந்து பீடத்துக்குப் போவது எங்கள் சபை வழக்கம். யார் அதிகம் முக்குகிறாரோ அவருக்குப் பக்தி அதிகம். அன்றும் முக்கினார்கள். ஒருவருக்கு முழங்கால் மடங்கியது. இன்னொருவர் "கர்த்தாவே" என்றார். பாரத்தை மற்ற மூவர் தாங்குவதாக ஒவ்வொருவரும் நினைத்தாராம். போதகர் அந்தப் பெட்டிமேல் கைவைத்துக் கால்மணி நேரம் ஜெபித்தார். நானும் ஆமென் சொன்னேன், என்ன செய்வது.

அப்போதுதான் கடைசி பெஞ்சில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சலவைக்காரியை ஐக்கியத் தலைவி பார்த்தாள்.

"ஐயோ, அது நான் போட்ட பூத்தையல்!"

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஏழு ஒற்றைக் காலுறைகள்.

போர்வை போனதற்கு யாரும் அவ்வளவு வருந்தவில்லை. பிள்ளைகள் மூப்பர்களைப் பார்த்துச் சிரித்தார்கள் பாருங்கள், அந்த நிமிஷம்தான் என் சம்பந்தி திருடி ஆனாள்.

அடுத்த ஞாயிறு அவளைச் சபை முன்னால் நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேட்டால் சாவி அவளிடமே இருக்கும். இல்லையென்றால் வைத்துவிட்டுப் போகவேண்டும். போதகர் நல்ல மனுஷன், பாவம், கெஞ்சினார்.

"ஒரு வார்த்தைம்மா. முடிஞ்சுடும்."

அவள் கை சாவியைப் பிடித்திருந்தது.

"சொல்லித் தொலைங்களேன், சம்பந்தி" என்று நானே முணுமுணுத்தேன்.

"கேக்குறேன், ஐயா" என்றாள். "முதல்ல இவங்க நாலு பேரும் சொல்லட்டும். அன்னைக்கு எது அவ்வளவு கனத்துச்சு?"

மூப்பர்கள் நால்வரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அவள் சாவியை அவிழ்த்துப் பெட்டிமேல் வைத்தாள். பெஞ்சடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அதைத்தான் சபைச் சொத்து என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. அது பட்டன் டப்பா. கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே அவளுடையது.

"எங்க போறீங்க? வெயில் ஏறிடுச்சு" என்றேன்.

"பாதிச் சட்டைக்கு இன்னும் பட்டன் வைக்கல, சம்பந்தி. அவசரத்துல அப்படியே குடுத்துட்டேன்."

வாசலைத் தாண்டினாள். அவள் வீடு வலப்பக்கம். அவள் இடப்பக்கம் திரும்பினாள், எரிந்த வரிசைக்கு.