கத்தியை முக்காத நாள்

திருமங்கலம் பக்கம் பேச்சியம்மாவின் கிணற்றுத் தோட்டத்தில் சோதனையாக உருளைக்கிழங்கு போட்டிருந்தோம். இலைக்கு மருந்து கரைப்பது சர்க்கார் உத்தியோகஸ்தனான என் வேலை. மயில்துத்தக் கரைசலில் சுண்ணாம்பு போதுமா என்று கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை; அப்படியே தெளித்தால் இலை கருகிவிடும். பஸ்ஸுக்கு நேரமாச்சென்று நான் பார்க்காமலே தெளித்துவிட்டேன்.

மறுவாரம் செடிகளெல்லாம் கருகிக் கிடந்தன. பார்வையிட வந்த மேலதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என் தப்புதாங்கய்யா," என்றாள் பேச்சியம்மா. "மாடு சொகமில்லாம படுத்துருச்சு, தண்ணி இறைக்கல. தம்பிய வையாதீக."

அவள் மனசார அப்படித்தான் நம்பினாள். நானும் ஆமாமென்று தலையாட்டினேன்.

கிளம்பும்போது, கோலிக்குண்டளவு தேறியிருந்த கிழங்குகளை அவித்து இலையில் கட்டிக் கொடுத்தாள். பசித்தது. பஸ்ஸில் அம்புட்டையும் தின்றேன். தலையாட்டியதைவிட அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.