நழுவாத ரீல்

என் அத்தான் மூடிய பாட்டிலை எங்கள் வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. சர்க்கரை டப்பா, எண்ணெய் பாட்டில், குளியலறைக் குழாய், எதுவானாலும் அவர் கை பட்டுவிட்டால் அவரே வந்துதான் திறக்க வேண்டும். அவர் மகளின் தண்ணீர் பாட்டில் ஒருமுறை பள்ளியில் மூன்று ஆசிரியர்களைத் தாண்டி, விளையாட்டு ஆசிரியர் கையில்தான் திறந்ததாம்.

லிஃப்ட் மெக்கானிக் என்றால் அப்படித்தான் இருக்க முடியும் என்பது அவர் பக்க நியாயம். இருபத்திரண்டு வருடமாக மனிதர்களைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு ஏற்றி இறக்குகிறவர். 'நழுவுது' என்பதைவிடக் கெட்ட வார்த்தை அவர் தொழிலில் கிடையாது. ஒரு பிரேக் தலைமுடி அளவு நழுவினாலும் லிஃப்டை நிறுத்திவிடுவார். பன்னிரண்டாம் மாடிக்காரர்கள் படியிறங்கி வந்து திட்டுவார்கள். அவர் பாட்டுக்கு எல்லாவற்றையும் இறுக்கி முடித்துவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் தேடுவார். அதையும் காலையில் அவரே மூடியிருப்பார் என்பதால் திறக்கச் சிறிது நேரமாகும்.

ஆறு நாள் இருட்டுக் குழிக்குள் நிற்கிறவர் ஏழாம் நாள் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்காருவதில் வியப்பில்லை. அவர் வாங்கி வந்த ரீல்தான் எங்களை வியக்க வைத்தது. தூண்டில் கம்பில் நைலான் நரம்பைச் சுற்றிவைக்கும் அந்தக் கையகல இயந்திரத்துக்கு நகைப்பெட்டி போல ஒரு டப்பா, உள்ளே பஞ்சு மெத்தை.

"எவ்வளவு?" என்றாள் அக்கா. முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைப்பவள். மிதித்துக்கொண்டே கேட்டாள்.

அத்தான் மின்விசிறியைப் பார்த்தபடி விலையைச் சொன்னார். மெஷின் நின்றது.

"அந்த விலைக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கலாம். மிச்சத்துல உள்ள வைக்க மீனும் வாங்கலாம்."

"இதுல பதினோரு பேரிங் இருக்கு."

"மீன் எண்ணிப் பார்த்துட்டுத்தான் கடிக்குமா?"

"பேரிங்க விடு. பிரேக்கப் பாரு." ரீலின் முகப்பில் இருந்த சிறு திருகைக் காட்டினார். "முழுசா இறுக்குனா நிக்குமான்னு கேட்டேன். பத்து கிலோ இழுத்தாலும் அசையாது சார்னு கடைக்காரப் பையன் சத்தியம் பண்றான்."

அந்தப் பையன் அதற்குப் பிறகு 'ஆனா' என்று தொடங்கி ஏதோ சொல்லியிருக்கிறான். அப்போது அத்தான் பணத்தை எடுத்துக்கொண்டிருந்ததால் அது காதில் விழவில்லை.

முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று பில்லின் அடியில் எறும்பெழுத்தில் அச்சிட்டிருந்ததைக் கண்டுபிடித்தது அக்காதான். பொடி எழுத்தும் பொடித் தையலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"சரி. முப்பது நாளுக்குள்ள இந்த ரீலு பிடிச்ச மீன் ஒண்ணு என் சட்டிக்கு வரணும். வரலைன்னா ரீலு கடைக்குப் போகணும். சம்மதமா?"

அத்தான் சம்மதித்தார். ரீலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சம்மதித்தார். தனக்கென்று அவர் கடைசியாக வாங்கியது ஒரு குடை. அதையும் மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்த ரீலையாவது யாரும் பிடுங்கக் கூடாது என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

முதல் ஞாயிறு பெரிய மீன் ஒன்று மாட்டியது. 'டிங்' என்று ஒரு சத்தம். நரம்பு அறுந்துவிட்டது. "நரம்பு சரியில்ல" என்றார் அத்தான். தடித்த நரம்பு வாங்கினார்.

இரண்டாம் ஞாயிறு நரம்பு நின்றது. ஆனால் தூண்டில் முள் நிமிர்ந்து குண்டூசி மாதிரி திரும்பி வந்தது. "முள்ளு சரியில்ல." தடித்த முள் வாங்கினார்.

மூன்றாம் ஞாயிறு நரம்பும் நின்றது, முள்ளும் நின்றது. மீன்தான் நிற்கவில்லை, வாயைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. "இந்த ஏரி மீனுக்கு உடம்புல சத்தே இல்ல" என்றார்.

பழுது கண்டுபிடிக்கும் முறைப்படி ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே வந்தவர் பிரேக்கை மட்டும் சந்தேகிக்கவில்லை. அது புதுசு. தன் கையால் கடைசிச் சுற்றுவரை இறுக்கியது.

இதில் அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் பத்தடி தள்ளி உட்காரும் பேக்கரிக்காரர். அவருடைய ரீல் பொம்மைக் கடையில் வாங்கியது மாதிரி இருக்கும். பிரேக் எந்தக் காலத்திலோ தேய்ந்துவிட்டது. மீன் இழுத்தால் நரம்பு கரகரவென்று ஓடும். பேக்கரிக்காரர் ரொட்டி மாவு பிசைகிற நிதானத்தில் சுற்றுவார். அது ஓடும். மறுபடி சுற்றுவார். கடைசியில் மீன் களைத்துப்போய் கரைக்கு வந்துவிடும்.

"அந்தாளு ரீலுக்குப் பிரேக்கே பிடிக்கல. அதுல போய் மாட்டுது பாரு, கூறுகெட்ட மீனுங்க" என்று வீட்டில் வந்து புலம்புவார் அத்தான்.

நான்காம் ஞாயிறு இருபத்தொன்பதாம் நாள். "இன்னைக்கு நானும் வரேன்" என்றாள் அக்கா. ஒரு பையில் தைத்து முடிக்க வேண்டிய துணி, இன்னொரு பையில் ரீலின் டப்பா, பில். ஏரியிலிருந்து நேராகக் கடைக்குப் போக வசதியாக இருக்குமாம். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். வழி முழுக்க அத்தான் அந்தப் பையின் பக்கமே திரும்பவில்லை.

கரையில் மடக்கு நாற்காலி போட்டு அக்கா ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் கம்பு வளைந்தது. அத்தான் எழுந்தார். நரம்பு கம்பியாக விறைத்தது.

டிங்.

பேக்கரிக்காரர் கூட மரியாதைக்கு ஏரியின் மறுகரையைப் பார்த்தார்.

அக்கா எழுந்து வந்து அறுந்த நரம்பின் முனையைப் பிடித்தாள். விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, மெஷின்ல நூலுக்கு வைக்கிற மாதிரி இதுல டென்ஷன் எங்க வைக்கிறது?"

"டென்ஷன்லாம் இல்ல. அது பிரேக்."

"சரி, பிரேக்கு. எந்தத் திருகு?"

அவர் காட்டுவதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். நரம்பைக் கையால் இழுத்தாள். அசையவில்லை. "அடக் கடவுளே. மெஷின்ல இப்படி இறுக்கி வெச்சா ஒரு முழம் தைக்க முடியாது. நூலு பட்டு பட்டுன்னு தெறிச்சிரும். எந்த நூல மாத்தினாலும் தெறிக்கும்." திருகை ஒரு சுற்று தளர்த்தினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னும் அரைச் சுற்று.

"ஏய், நழுவும்!"

"நழுவட்டுமே."

இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பன்னிரண்டாம் மாடியிலிருந்து தள்ளிவிடப்பட்டவர் போல அவளைப் பார்த்தார்.

"இன்னைக்கு எப்படியும் கடைக்குப் போற ரீலு. என் பேச்சக் கேட்டு ஒரு தடவ போடுங்க."

போட்டார். வெயில் முதுகுக்கு வந்த பிறகு மறுபடி கம்பு வளைந்தது. இந்த முறை ரீல் சத்தம் போட்டது. கரகரப்பு கிடையாது; பட்டுத் துணியைக் கத்தரி கிழிப்பது போன்ற நீளமான, ஒரே சீரான சத்தம். நரம்பு ஓடிக்கொண்டே இருந்தது. பேக்கரிக்காரர் தன் தூண்டிலைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"நழுவுது! போகுது! எல்லாம் போகுது!" அத்தானின் இடது கை தானாகத் திருகுக்குப் போனது.

"கைய எடுங்க."

எடுத்தார். மறுபடி போனது. அக்கா கத்தரியின் பிடியால் விரலில் ஒரு தட்டுத் தட்டினாள். அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டம் நின்றால் சுற்றினார், ஓடினால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் அவரையும் மீனையும் பார்த்த எனக்கு இருவரில் யார் முதலில் களைப்பார்கள் என்று சொல்லத் தெரியவில்லை.

மீன்தான் களைத்தது. பேக்கரிக்காரர் வலையை நீட்டி வாரி எடுத்தார். முழங்கை நீளக் கெண்டை. நரம்பு அறாமல், முள் நிமிராமல், வாய் கிழியாமல் வந்திருந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, நல்ல ரீலுன்னு?" என்றார் அத்தான்.

"ரீல யாரு குறை சொன்னா?" என்றாள் அக்கா. பில்லை நான்காகக் கிழித்து மீன் பைக்குள் போட்டாள்.

பேக்கரிக்காரர் விலையைக் கேட்டார். அத்தான் சொன்னார். கேட்டவர் தன் ரீலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "என்னோடது தேஞ்சு போய் தானா நழுவுது சார். நீங்க காசு குடுத்து நழுவ வைக்கிறீங்க."

"ஆனா சத்தத்தக் கேட்டீங்களா?" என்றார் அத்தான்.

"கேட்டேன்" என்றார் பேக்கரிக்காரர். ரீலைக் கையில் வாங்கி ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தந்தார். அந்த ஒரு முறைக்கே பாதிக் காசு வந்துவிட்டது போலத்தான் அத்தான் முகம் இருந்தது.

அன்று சாயங்காலம் மீன் கொதிக்கிற வாசனைக்கு நடுவே அத்தான் சாப்பாட்டு மேசையில் ரீலோடு உட்கார்ந்திருந்தார். நரம்பை இழுப்பார். அது நழுவும். யாரோ கிள்ளினாற்போல் முகம் சுருங்கும். திருகில் விரல் வைத்து, எடுத்து, மறுபடி இழுப்பார்.

"என்னக்கா பண்றாரு?" என்றேன்.

"பழகிக்கிட்டு இருக்காரு" என்றாள் அக்கா. "தொந்தரவு பண்ணாத."