பக்கத்துக் கொல்லையில் ஆறுமணிக்குருவி

அந்தக் குருவியை முதல் தடவை பார்த்த அன்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருத்தி போனைத் தூக்கிக்கொண்டு வருவாள், இன்னொருத்தி ஸ்டேட்டஸில் போடுவாள், மூன்றாம் நாள் யாராவது இதைக் கூண்டில் போட்டு வளர்க்கலாமே என்பார்கள். நான் இயல்பிலேயே சந்தேகப் பிறவி. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் ஒலிபெருக்கி காதில் விழும் தூரத்தில் இருக்கிறது. எனக்குப் புடவை டிசைன் வரையும் வேலை. கடைக்காரர்கள் கேட்கும் பார்டரையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பேன். அதை வைத்துத் தறிக்கான அட்டையில் துளை போடுவார்கள். இருபது வருடத்தில் நான் வரைந்த அன்னங்களுக்கும் மயில்களுக்கும் கணக்கே கிடையாது. எல்லாம் ஜோடி ஜோடியாக முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். ஒன்றை வரைந்துவிட்டு, கண்ணாடியில் பார்ப்பதுபோல அதையே திருப்பிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அதில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்து வரைந்ததில்லை. அன்னத்தை யார்தான் பார்த்திருக்கிறார்கள்?

அதனால்தான் இந்தக் குருவி என்னைப் பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை விட்ட பிறகு, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது பக்கத்து வீட்டுக் கொல்லையில் பார்த்தேன். மாமரத்தடியில் உதிர்ந்து கிடந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. குட்டை வால். சந்தன நிற நெஞ்சு, பச்சை முதுகு, இறக்கையில் ஒரு துண்டு, பட்டுக்காரர்கள் சொல்லும் ஆனந்தா நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. போனில் தேடிப் பார்த்தேன். ஆறுமணிக்குருவியாம். குளிர்காலத்தில் வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து இறங்கி வருமாம். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுமாம். அன்று சாயங்காலமே அதன் இரண்டு சுர விசில் கேட்டது. இதை வாட்டர்கலரில் ஒரு படம், ஒரே ஒரு படம், எனக்கென்று வரைந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

வாட்டர்கலர் கம்ப்யூட்டர் மாதிரி இல்லை. தப்பாகப் போட்டதை அழிக்க முடியாது. வெள்ளை என்று ஒரு வர்ணமே கிடையாது. குருவியின் புருவத்திலும் தொண்டையிலும் இருக்கும் வெள்ளைக்குத் தாளைத்தான் வெறுமனே விட வேண்டும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். பச்சை ஈரமாக இருக்கும்போதே சந்தனத்துக்குள் கொஞ்சம் ஓட வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு நிறம் இன்னொன்றில் ஓடினால் சாயம் போகிறது என்று புடவையையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே அதைத்தான் வேண்டி விரும்பிச் செய்ய வேண்டும். ஆகவே நிறைய ஒத்திகை தேவைப்பட்டது. நல்ல தாள் விலை அதிகம் என்று, வீட்டில் கிடந்த கிராஃப் தாளில் நிறங்களைச் சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டுப் பார்த்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு அந்தத் தாளும் பென்சிலுமாக மாடிச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவேன்.

நான்காவது நாள் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. அவரும் அவர் வீட்டுக்காரரும் நெசவு. கொல்லையைப் பார்த்த அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் தறி. பகல் வெளிச்சம் போதும் என்று அக்கா எப்போதும் அதைத் திறந்து வைத்துத்தான் நெய்வார். அன்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் சட்டென்று தாளை மடியில் கவிழ்த்தேன். ஏன் கவிழ்த்தேன்? குருவி விஷயம் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான். ஆனால் டிசைன் போடுகிறவள் ஒருத்தி, நெசவுக்காரர் ஜன்னலுக்கு நேரே கிராஃப் தாளோடு உட்கார்ந்து, பார்த்ததும் மறைத்தால் அதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான்: டிசைன் திருட்டு. அக்காவும் வீட்டுக்காரரும் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குள் அவர்கள் தெலுங்குதான். ஆனால் என்னைக் கண்டதும் குரலைத் தணித்துப் பேசியது அன்றுதான். பிறகு ஜன்னல் கதவு சாத்தப்பட்டது.

எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்து ஜன்னலைச் சாத்துவதா? இந்தத் தூரத்திலிருந்து தறியில் என்ன தெரியும், மண்ணாங்கட்டி.

கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால், இரவல் வாங்கின தூக்குப் பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். தறியில் ஒரு பார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தன் கையால் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்ட பூங்கொடி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மொட்டு மட்டும் முகத்தைப் பின்னால் திருப்பியிருந்தது. அப்படி ஒரு மொட்டு எனக்கு இருபது வருடத்தில் தோன்றியதில்லை. வீட்டுக்கு ஓடி வந்து, மறப்பதற்குள் கட்டத்தில் போட்டேன். என் டிசைன் என்று ஒரு கடைக்குக் கொடுத்தேன். அது விசைத்தறிக்குப் போய், மலிவுப் புடவைகளில் ஏறி, ஊரெல்லாம் பரவிவிட்டது. அக்கா தன் புடவையைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனபோது, இது பழசாச்சேம்மா என்று திருப்பி அனுப்பினார்களாம். அதன் பிறகு அக்கா சொந்தமாக வரைவதையே நிறுத்திவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று நான்தான் நான்கு வருடமாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தை முகூர்த்தத்துக்குத்தான் மறுபடியும் சொந்த டிசைனில் ஒரு புடவையைத் தறியில் ஏற்றியிருந்தார். அது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

இவ்வளவும் தெரிந்தும் என் புத்தி என்ன செய்தது என்றால், அக்காவைச் சந்தேகப்பட்டது. மார்கழி பிறந்ததும் அவர் கொல்லையைப் பெருக்க ஆரம்பித்தார். மாமரத்தடி இலைகளையெல்லாம் வாரி, வீட்டுச் சுவரோரம் ஜன்னலுக்குக் கீழே, மாடியிலிருந்து பார்த்தால் தாழ்ந்த மாங்கிளை மறைக்கும் இடத்தில் குவித்தார். போகிக்குக் கொளுத்தத்தான் இது, என்மேல் இருக்கிற ஆத்திரத்தில் குருவியை விரட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவருக்குக் குருவி வருவதே தெரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாமரத்தடி காலியானதும் குருவி என் கண்ணில் படுவதும் நின்றுவிட்டது. கூவுவது மட்டும் கேட்கும். கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தேன்.

"அங்க இன்னா சி.ஐ.டி. வேலை பாத்துக்கினு இருக்கே? தெருவே உன்னத்தான் பாக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாத்தா பாக்கட்டும்" என்றேன். ஆனால் அதன் பிறகு, பூக்காரம்மா சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசித்தேன். வேறொரு நெசவுக்காரர் வீட்டில் நான் நுழைந்ததும் தறிமேல் துணியைப் போட்டு மூடினார்கள். எனக்காகவா, தூசிக்காகவா என்று இன்றுவரை தெரியாது.

ஒருநாள் காலை அக்காவே மாடிக்கு ஏறி வந்துவிட்டார். காய்கிற துணி பறந்து வந்ததா என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். கண் நேராகத் தாளுக்குப் போனது. கட்டம் கட்டமாகச் சந்தனம், பச்சை, ஆனந்தா நீலம், சிவப்பு. மறைக்க நேரமில்லை.

"இது யாருக்கும்மா?"

"யாருக்கும் இல்லக்கா. உங்க கொல்லைக்கு ஒரு குருவி வருது. அத வரையலாம்னு."

"குருவி எங்க?"

கொல்லையைப் பார்த்தேன். பெருக்கிச் சுத்தமான மண். ஒரு அணில் ஓடியது. "இப்ப இல்ல. வரும்" என்றேன். எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "அப்பவும் தூக்கு குடுக்கத்தான் வந்தே" என்றார். "இதயும் எடுத்துக்கினு போயிட்டா, இனிமே நான் வரைய மாட்டேம்மா. அவ்ளோதான்." படியிறங்கிப் போய்விட்டார்.

ஆக, தெரிந்திருக்கிறது. நான்கு வருடமாகத் தெரிந்தே பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு கொடுத்து அனுப்பியிருக்கிறார். நான் அந்தச் சுவரோரமே உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

அதன் பிறகு மாடிக்குப் போகவில்லை. படம் வேண்டாம் என்று தாள்களைக் கட்டிப் பரண்மேல் போட்டேன். ஜன்னல் சாத்தியே கிடந்தது. டியூப்லைட்டில் நெய்தால் அக்காவுக்குத் தலைவலி வரும், அது எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்று நின்றுதான் கேட்டது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் கண்ணைக் கசக்கிக்கொள்கிறாரோ என்று தோன்றும். போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாசல்வரை போனேன். இப்போது போனால், மன்னிப்புக் கேட்கிற சாக்கில் தறியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்தால்? திரும்பிவிட்டேன்.

போகிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு குருவி சொன்னியே, பச்சையா, வயித்துல செவப்பா?"

"ஆமாக்கா."

"எங்க ஜன்னலுக்குக் கீழதாம்மா இருக்குது. குப்பையக் கிளறிக்கினு. கதவு சந்துல பாத்தேன். வா."

அவர் குவித்த இலைகளுக்குள்ளேயே அது குடியேறியிருக்கிறது. நான் பென்சிலையும் ஒரு நல்ல தாளையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். தறி இருக்கும் அறை வாசலில் அக்கா கையை நீட்டி என்னை நிறுத்தினார். அவர் மட்டும் உள்ளே போய், ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, நெய்த இடத்தை ஒரு மூலைகூடத் தெரியாமல் மூடினார். என் கண் முன்னால், அவசரப்படாமல். பிறகு என்னைக் கூப்பிட்டு ஜன்னலடியில் ஒரு மணை போட்டார். கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தார்.

நான்கு அடி தூரத்தில் குருவி. மாடியிலிருந்து தெரியாததெல்லாம் தெரிந்தது. அலகில் ஈர மண். நீல இறக்கையில் ஓர் இறகு பிய்ந்து தொங்கியது. இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாகவே இல்லை. இதைத் திருப்பிப் போட்டு ஜோடி சேர்க்க முடியாது. தாளில் எங்கே வெள்ளையை விட வேண்டும் என்று கோடு போட ஆரம்பித்தேன். என் முதுகுக்குப் பின்னால் மூடின தறி, அதற்குக் காவலாக அக்கா நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அந்தப் பூங்கொடிய நான்தான் எடுத்தேன்" என்றேன், திரும்பாமலே.

"தெரியும். அதுக்குத்தான் மூடி வச்சிருக்கேன்" என்றார் அக்கா. "நீ குருவியப் பாரு. போயிடப் போவுது."